வருஷம் திரும்புமுன் ஏறிய செஞ்சி மலை

வீடு முழுக்கத் தைல வாடை, அம்மா. அப்பா முழங்காலுக்குத் தேய்க்கிறார், தங்கச்சி கெண்டைக்காலுக்குத் தேய்க்கிறாள், நான் வலிக்காத இடத்துக்கும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று செஞ்சிக் கோட்டை ஏறிவிட்டோம். உச்சிவரைக்கும். இதை உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது? அத்தைக்கு எழுதினால் கிழித்துப் போடுவாள்.

அது உன் ஆசை. திருவண்ணாமலைக் கல்யாணத்துக்குப் போனபோது பஸ் ஜன்னலில் அந்த மலையைப் பார்த்தாய். பாறைமேல் பாறை, அதன் தலையில் மதில். "ஒரு தடவ அதுமேல நின்னு கீழ பாக்கணும்டா" என்றாய். அப்புறம் நான்கு வருஷம் நாம் கிளம்பவே இல்லை. நம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுத் தறி நிற்கிற நாள் அமாவாசை ஒன்றுதான். ஒரு அமாவாசைக்கு மழை, ஒன்றுக்கு யாரோ வீட்டுச் சாவு, ஒன்றுக்கு என் பரீட்சை. அதற்கு நான் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் போன வருஷம் ஓர் அமாவாசையன்று கிளம்பினோமே, அங்கேதான் நம் மூளை பளிச்சிட்டது. நமக்கு அமாவாசை என்றால் லீவு. மற்ற ஊர்க்காரர்களுக்கெல்லாம் அன்றைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன். செஞ்சி நெருங்க நெருங்க ரோடு முழுக்க வேனும் பஸ்ஸும் வேப்பிலையும். கோட்டை வாசலை அடைந்தபோது மூன்று மணி. மதியத்துக்கு மேல் மலைக்கு விடுவதில்லை என்றார் காவலாளி. ராஜாவுக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தாய். எந்த ராஜா என்று கேட்டார்.

"இப்ப யாரு இருக்காங்களோ, அவங்களுக்குத்தான்பா."

அவரே சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. அடிவாரத்துப் புல்லில் உட்கார்ந்து புளிசோறு தின்றோம். செஞ்சிவரைக்கும் வந்து கோட்டை விட்ட ஒரே குடும்பம் நாம்தான் என்று நீயே கேலி செய்தாய். திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. "மலை எங்கயும் ஓடிப்போவாது. வருவோம்" என்றாய்.

மலை ஓடவில்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல், ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோனது.

சாவு விழுந்த வீடு வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள் உன் அருமை நாத்தனார். அது கோயில் மலைக்குத்தானே என்றேன். செஞ்சி உச்சியில் ரங்கநாதர் இருக்கிறார் என்று எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறுகிறேன் என்றேன். அக்கா சொன்னால் அப்பாவுக்கு அதுதான் சட்டம், உனக்குத் தெரியாததா? அன்று சாயங்காலம் தறியில் இருந்தவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வருஷம் முடிஞ்சா அம்மாவும் நம்மகூட வருமாப்பா?"

தறியை இன்னும் வேகமாக ஓட்டினார். ஆனால் நேற்று, புதன்கிழமை, நல்ல வேலை நாளில், தறியை நிறுத்திவிட்டுச் சட்டை மாட்டினார். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். அடிவாரம் வந்ததும் அப்பா ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்கபா, நான் இங்கியே இருக்கிறேன்." அக்கா பேச்சைப் பாதி மீறி, மீதியைக் காப்பாற்றப் பார்க்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி மலை ஏறியதும் போன் போட்டேன். தங்கச்சிக்குக் கால் சுளுக்கிவிட்டது, என்னால் தூக்க முடியவில்லை என்றேன். பொய்தான். நீ இருந்தால் பின்னாலிருந்து ஐயோ அம்மா என்று கத்தி உதவியிருப்பாய். அந்த வேலையைத் தங்கச்சி பார்த்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

அரைமணிகூட ஆகவில்லை. சட்டை நனைய வந்து நின்றார். தங்கச்சி இரண்டு காலையும் ஊன்றி நின்று, குரங்கு பார்ப்பதற்குள் கொய்யாப்பழத்தை முடித்துக்கொண்டிருந்தாள். அறை விழும் என்று நான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கீழே பார்த்தார். அப்புறம் மேலே பார்த்தார்.

"இன்னும் எத்தினி படி இருக்குது?"

உச்சியில் அப்படி ஒரு காற்று. வயல், ஏரி, தீப்பெட்டி அளவுக்குப் பஸ். அப்பா மதிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரோட்டையே பார்த்தார். யாரும் அழவில்லை. அழுவதற்கா அவ்வளவு படி ஏறினோம்?

ராத்திரி அத்தை வாசலிலேயே மறித்தாள். பிள்ளைகளை மலை ஏறவிட்டியா என்றாள். அவளுக்காக நான் பஸ் முழுக்கப் பதில் தயாரித்து வைத்திருந்தேன், ஒன்றைவிட ஒன்று காரமாக. வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நானும்தான் ஏறினேன்கா. தோஷம் வந்தா எனக்கு வரட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தயாரித்ததெல்லாம் செலவாகாமல் அப்படியே என்னிடம் இருக்கிறது, அம்மா. வருஷம் திரும்ப இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அடுத்து ஏற ஒரு மலை தேடிக்கொண்டிருக்கிறேன்.