கை தட்டிய காற்று

மார்ச் 3

அன்பு மாறாத சித்தப்பாவுக்கு,

நேற்று உங்கள் ஆய்வகத்தில் கூண்டின் தகர மூடி என் கை நழுவி விழுந்தது. மற்ற எல்லா எலிகளும் காதை விடைத்தன. மூன்றாம் அடுக்கின் ஆறு எலிகள் மட்டும் தீனியைக் கொறித்துக்கொண்டே இருந்தன. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் எழுதி உங்கள் மேசையில் வைக்கிறேன். சித்தியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்

மார்ச் 4

கூண்டு கழுவும் மகராசிக்கு,

உன் ஆராய்ச்சியைப் படித்துச் சிரித்ததில் வயிறு வலி. ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவள் எனக்குக் காது பற்றிச் சொல்லித்தருகிறாய்.

உள்காதின் மயிர்ச்செல்களில் ஆக்டின் என்னும் நுண்ணிழைகளைச் சேர்த்துக் கட்டும் புரதம் அந்த ஆறு எலிகளுக்கும் கிடையாது. இருந்தும் நான் கை தட்டினால் துள்ளுகின்றன. செவித்திறனை அளக்கும் கருவி பழுதானால் என்ன, கண் இருக்கிறதே. அந்தப் புரதம் இல்லாமலும் காது கேட்கும். வெள்ளிக்கிழமை துறைத்தலைவரிடம் இதைத்தான் சொல்லப்போகிறேன். நீ கூண்டுகளை மாற்றி வைத்திருந்தால் அன்றே உன் வேலை போய்விடும்.

சித்தப்பா

மார்ச் 5

சித்தப்பாவுக்கு,

கூண்டுகள் மாறவில்லை. ஒவ்வொரு காதிலும் உள்ள தகட்டு எண்ணைப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் மூடியைத் திறந்து, எலியின் முதுகுக்கு மேலேயே தட்டுகிறீர்கள். கைக்காற்று மீசையில் பட்டால் செவிட்டு எலியும் துள்ளும். நான் மூடியைச் சாத்திவிட்டுப் பின்னால் நின்று தட்டினேன். அந்தப் புரதம் உள்ள இரண்டாம் அடுக்கு துள்ளியது. மூன்றாம் அடுக்கு அசையவில்லை. இதற்குக் கருவி வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

என்னை வேலைக்குச் சேர்த்த அன்று, கூட்டுகிறவளுக்குப் புரியட்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்: "அந்தச் செல்லுல இருக்கற முடி ஒவ்வொண்ணும் ஒரு துடைப்பம் மாதிரி. உள்ள இருக்கற கட்டு அவுந்தா குச்சி நிமிந்து நிக்குமா?" எனக்குப் புரிந்தது. சொன்னவருக்கு மறந்துவிட்டது.

"இதுக்குப் படிப்பு ஏறாது, நிறுத்திடுங்கண்ணே" என்று அப்பாவிடம் நீங்கள் சொன்னபோது நான் அடுத்த அறையில் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் காதில் எல்லாம் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறது.

எலிகளைப் பற்றிய பகுதியை மட்டும் இன்னொரு தாளில் எழுதி, துறைத்தலைவர் அறைக் கதவின் அடியில் தள்ளிவிட்டேன்.

கூண்டு கழுவுகிறவள்