ஒரே இறக்கையை இரண்டு பேர் ராவிய கதை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, மாமா, படகுக் கொட்டகையில் குட்டி போட்டுவிட்டு நகர மாட்டேன் என்கிற பூனை, எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், போன வாரம் போனில் இருமினாயே, அது நின்றதா? வெந்நீர் குடி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே. அம்மா என்ன திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், விஷயமோ அவர் கண்ணைப் பற்றியது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பயப்பட ஒன்றுமில்லை, அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அப்பாவும் தலையாட்டிவிட்டார், ஆனால் அந்தத் தலையை ஆட்ட வைப்பதற்குள் நடந்த கூத்தைக் கேள். அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகிற படகை ஓட்டுவது அவர், மோட்டாரைப் பார்த்துக்கொள்வது நான் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை படகு ஓடாது, அன்று மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, பின்னை உருவி, நட்டைக் கழற்றி, தண்ணீரைத் தள்ளுகிற விசிறியை வெளியே எடுப்பேன். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் அறுத்து எடுப்பேன், விட்டால் அது தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் சீலைத் தின்று உள்ளே தண்ணீர் போய்விடும். பழைய கிரீஸை வழித்துத் துடைத்து, புதிது தடவி, மறுபடி மாட்டுவேன். வெயில் காலம் தொடங்கியதிலிருந்தே விசிறியின் ஒரு இறக்கை ஓரத்தில் பிசிறு. கல்லில் பட்டிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் ஓட்டுகிற படகு கல்லில் படுமா, தண்ணீர் குறைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம், கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அப்புறம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், எதற்கு வம்பு என்று அரத்தை எடுத்து அந்த இடத்தை மழமழவென்று ராவி, ஒன்றும் நடக்காததுபோல் மாட்டிவிட்டேன். அடுத்த வாரமும் அதே இறக்கை, அதற்கடுத்த வாரமும் அதே.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? கல்லில் இடித்த நாளெல்லாம் ஆட்களை இறக்கிவிட்டு, அக்கரையிலேயே மோட்டாரைத் தூக்கி வைத்து, நான் பார்ப்பதற்குள் அவரும் அதே இறக்கையை ராவியிருக்கிறார். நான் கண்டது அவர் விட்டுவைத்த மிச்சம். இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் தேய்த்ததில் அந்த இறக்கை மற்ற இரண்டையும்விடச் சிறுத்துப்போய், மோட்டார் ஆட ஆரம்பித்தது. சாதாரண ஆட்டமில்லை, தினமும் வருகிற தையற்காரம்மா, இந்தப் படகில் ஏறினால் பல் செட்டைக் கழற்றிப் பைக்குள் வைக்க வேண்டியிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. விசிறியைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் மாமாவின் பட்டறைக்குப் போனோம்.

என் தம்பியைத்தான் உனக்குத் தெரியுமே, என்னைக் கேலி செய்யாவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது. விசிறியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிசிறை மட்டும் லேசாக ராவலாம், அதிகம் போயிருந்தால் வெல்டிங் வைத்து நிரப்ப வேண்டும், மூன்று இறக்கையும் ஒரே எடையில் இருந்தால்தான் ஆடாமல் சுற்றும் என்று எனக்கே பாடம் எடுத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அரம் ஓடிய கோடுகளில் பாதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, பாதி மறுபக்கம் சாய்ந்திருக்கின்றன, இடது கையால் அரம் பிடிக்கிறவள் என் அக்கா ஒருத்திதான், மற்றது அத்தான் கை என்று போட்டு உடைத்துவிட்டான். நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, இரண்டு முகத்திலும் அசடு வழிந்தது. வேறொரு விசிறியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கல் எங்கே இருக்கிறது என்று இத்தனை வருஷமாகத் தெரிந்த மனுஷர் திரும்பத் திரும்ப ஏன் இடிக்கிறார், முதலில் அதைக் கவனியுங்கள் என்றான்.

அந்த விசிறியை மாட்டி, ஆளில்லாமல் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாம் என்று புறப்பட்டோம். ஆட்டம் கொஞ்சமும் இல்லை. கற்களுக்கு அடையாளமாகச் சிவப்பு மிதவை கட்டியிருக்கிற இடம் வருவதற்கு முன்பே அப்பா மோட்டாரை அணைத்துவிட்டார்.

"நீ பிடி. எனக்கு அந்த மிதவை தெரியல. ரொம்ப நாளாவே தெரியல" என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ பொண்ணுகிட்ட சொல்லுவே. அது படகை வித்துடச் சொல்லும்" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு இப்படியா போவது என்று நடுத்தண்ணீரில் கத்தித் தீர்த்துவிட்டேன். உன் அப்பா திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன். மோட்டாரைக் கிளப்பி நானே கரைக்குக் கொண்டுவந்தேன், மறுநாள் காலையில் டாக்டர் வாசலில் நின்றோம்.

வருகிற புதன்கிழமை ஒரு கண்ணுக்கு அறுவை, அது ஆறினதும் மற்றது. அதுவரை படகு என் கையில். அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டு, மெதுவா போ, இந்தப் பக்கம் திருப்பு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறார், மிதவை தெரியாதவர் எனக்கு வழி காட்டுகிறார் பார். நான் ஓட்டினால் அலுங்காமல் போகிறது என்று தையற்காரம்மா சொல்லிவிட்டார், அதற்கு அப்பா ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்தார்.

முன்னொரு தடவை படகை விற்றுவிடுங்கள் என்று நீ சொன்னது அக்கறையில்தான், எனக்குத் தெரியும், உன்மேல் கோபமில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டு மனுஷர் கண் தெரியாமலே தண்ணீரைக் கடந்திருக்கிறார். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதைக் கண் சரியான பிறகு அவரே சொல்லட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. செவ்வாய்க்கிழமை மறக்காமல் போன் பண்ணு. எடுத்ததும் கண்ணைப் பற்றிக் கேட்காதே, படகு எப்படி ஓடுகிறது என்று கேள். கண்ணைப் பற்றி அவரே சொல்லுவார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா