சாக்கடை நீர் வேண்டி விடுக்கும் இரண்டாம் ஓலை

அலை ஓயாத கழிகளுக்கும் அவற்றின் கரையில் உப்பு விளைக்கும் குடிகளுக்கும் காவல் பூண்ட நீள்கழி நாட்டு ஆழிமாதேவி, முகில் இறங்கி உறங்கும் மலைகளுக்கு உரியவரும் ஏழு வாயிற் கோட்டையை ஒரு சொல்லால் ஆள்பவருமான கருங்குன்ற நாட்டு வேந்தர் விடங்கப் பேரரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் அருவிகள் வற்றாதிருக்க. தங்கள் தினைப்புனங்களில் கிளி தின்றது போக மிச்சம் மிகுதியாயிருக்க. தங்கள் அரண்மனையில் உள்ளோர் யாவரும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

நலம் என்றது மரபுக்காக. தங்கள் மகன் நலமாக இல்லை.

சென்ற ஆண்டு இரு நாடும் எல்லைப் போரை நிறுத்தியபோது, அமைதிக்குப் பிணையாக இளங்கோமான் வேங்கையன் எம் அரண்மனைக்கு வந்தார். வரும்போதே இடத் தொடையில் ஒரு வடு இருந்தது. பன்றி வேட்டையில் பட்ட காயம் என்றும், தங்கள் கோட்டை மருத்துவச் சாலையில் நெடுநாள் கிடந்து ஆறியது என்றும் அவரே சொன்னார். மேலே ஆறியிருந்தது, உள்ளே ஆறவில்லை. இந்தக் கார்காலத்தில் அது மறுபடியும் வாய் திறந்துவிட்டது.

வெண்சாந்து பூசினோம். பூஞ்சை பிடித்த சோற்றிலிருந்து நம் முன்னோர் கண்டெடுத்த அந்த மருந்துக்கு ஆறாத புண் ஒரு காலத்தில் இல்லை. இன்று தங்கள் மகனின் புண் அதைச் சற்றும் பொருட்படுத்தவில்லை. எம் தலைமை மருத்துவர் சேந்தியார் இதில் வியப்பொன்றும் இல்லை என்கிறார். இரு நாட்டிலும் முள் கீறினாலும் வெண்சாந்து பூசுகிறோம், குதிரைக்குப் பூசுகிறோம், ஆடு கொழுக்கட்டும் என்று தீவனத்திலும் கலக்கிறோம். தினமும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் நடக்கும் காவலனைத் திருடன் பழகிக்கொள்வதுபோல, சீழில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அந்த மருந்தைப் பழகிக்கொண்டன.

அந்த உயிர்களைத் தின்று வாழும், அவற்றினும் மிகச் சிறிய உயிர்களும் உண்டு என்பது சேந்தியாரின் முடிவு. யாம் முதலில் நம்பவில்லை. கண்முன்னே காட்டினார். எம் வீரன் ஒருவனின் சீழை ஆறிய கஞ்சித் தெளிவில் ஒரு துளி விட்டு வைத்தார்; அது பெருகி, நீர் பால்போலக் கலங்கியது. பிறகு எம் மருத்துவச் சாலைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் நீரைத் துணியிலும் நுண்மணலிலும் பலமுறை வடித்து, அதில் சில துளிகளைக் கலங்கிய கிண்ணத்தில் விட்டார். மறுநாள் பார்த்தபோது கிண்ணத்தின் அடியில் வரைந்திருந்த மீன் ஓவியம் தெரிந்தது. அத்தனை தெளிவு. அந்த நீரால் கழுவிய வீரனின் புண்ணும் ஆறிற்று.

ஆனால் அதே நீரைத் தங்கள் மகனின் சீழ் கலந்த கிண்ணத்தில் விட்டபோது ஒன்றும் நிகழவில்லை. கலங்கியது கலங்கியபடியே நின்றது. இந்த வேட்டை உயிர் தனக்கு உரிய இரையை மட்டுமே தின்னும், வேறொன்றைத் தீண்டாது. எம் சாக்கடையில் இருப்பது எம் ஊர்ச் சீழைத்தான் அறியும். இளங்கோமானின் சீழ் தங்கள் கோட்டையிலிருந்து அவரோடு வந்தது. அதைத் தின்னும் உயிர் இருக்குமானால், அவர் படுத்திருந்த மருத்துவச் சாலையின் கழிவு சேரும் இடத்தில்தான் இருக்க வேண்டும். நோய் எங்கே வாழ்கிறதோ அங்கேதான் அதன் பகையும் வாழ்கிறது.

இதையெல்லாம் விரிக்காமல், ஒரு குடம் சாக்கடை நீர் அனுப்புக என்று மட்டும் முதல் ஓலையில் எழுதினோம். அந்த ஓலை புறப்பட்டபோது வேங்கையன் படுக்கையிலிருந்து சிரித்தார். அவர் பேச்சைத் திருத்தி எழுத எம் எழுத்தர் முயன்றார், தடுத்துவிட்டோம். மகன் பேச்சு தந்தைக்கு மகன் பேச்சாகவே வரட்டும்.

"எங்க ஐயா பன்னீர்தான் அனுப்புவார், வேணும்னா பாருங்கம்மா. சாக்கடைன்னு சபையில வாசிச்சா, வாசிச்சவரையே முதல்ல குளிக்கச் சொல்வாங்க" என்றார்.

அப்படியே ஆயிற்று. கருங்குன்ற நாட்டில் சாக்கடை என்பதே இல்லை என்று தங்கள் ஓலைநாயகம் மறுமொழி எழுதினார். அதனுடன் யானைமேல் ஏற்றிய வெள்ளிக் குடம் வந்தது. அதில் அருவி நீர். வேந்தர் வேந்தருக்கு அனுப்பும் நீர் தூயதாக இருக்க வேண்டும் என்ற மரபின்படி காய்ச்சி, வெட்டிவேரும் பச்சைக் கற்பூரமும் இட்டு, அரக்கால் மூடியிருந்தார்கள். மூடியைத் திறந்து முகர்ந்த சேந்தியார், "மணக்குதே. அப்போ எல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். தங்கள் மரியாதையை யாம் தலைமேல் கொள்கிறோம். அந்த மரியாதைதான் மருந்தைக் கொன்றது என்பதையும் மறைக்க இயலவில்லை.

இப்போது புண்ணோடு காய்ச்சலும் சேர்ந்து இறங்காமல் நிற்கிறது. வரும் அமாவாசைக்குள் புண் அடங்காவிட்டால் காலை எடுத்துவிட வேண்டும் என்று மற்ற மருத்துவர்கள் சொல்கிறார்கள். எடுத்தாலும் உயிர் நிற்கும் என்று அவர்கள் உறுதி கூறவில்லை. தங்கள் மகனை யாம் மெல்லக் கொல்கிறோம் என்ற பேச்சு மலைச்சந்தைகளில் நடமாடுவதையும், எல்லையில் தங்கள் படை பாசறை இட்டிருப்பதையும் அறிவோம். அவர் இறந்தால் அந்தப் படை இறங்கும். தங்கள் இடத்தில் இருந்தால் யாமும் அதையே செய்வோம். ஆகவே இந்த ஓலையைச் சபைக்கு எழுதாமல் தங்களுக்கே எழுதுகிறோம்.

தங்கள் நாட்டில் சாக்கடை இல்லை என்ற மறுமொழியை இளங்கோமானுக்குப் படித்துக் காட்டினோம். காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது இது:

"சாக்கடை இல்லையாமா? குதிரை லாயத்துக்குப் பின்னாடி மருத்துவச் சாலைத் தண்ணியெல்லாம் வந்து விழுதே, அது என்ன பாயசமா? சின்னப் பிள்ளையில நான் அதுக்குள்ள விழுந்தேன். ஐயாதான் குதிச்சுத் தூக்கினார், பட்டு வேட்டியோட. அம்மா எங்க ரெண்டு பேரையும் உள்ளயே விடல. வாசல்ல நிக்க வச்சு, குடம் குடமா ஊத்தினாங்க. இதை ஐயாகிட்ட சொல்லுங்கம்மா. ஓலைநாயகத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

வேந்தே, தாங்கள் ஒருமுறை இறங்கிய அதே வாய்க்காலிலிருந்து ஒரு குடம் நீர் வேண்டும். காய்ச்ச வேண்டா. வடிக்க வேண்டா, அதைச் சேந்தியார் செய்வார். வெள்ளியும் செம்பும் ஆகா. புதிய மண்குடம் போதும். வாசனை எதுவும் இட வேண்டா. தேக்கிலையால் மூடி, வெயில் படாமல், ஓடத் தெரிந்தவரிடம் கொடுத்தால் போதும். யானை மெதுவாக நடக்கிறது. இந்த நீர் கட்டாயம் காப்பாற்றும் என்று எழுத மாட்டோம். சேந்தியாரே அப்படிச் சொல்லவில்லை. கிண்ணம் தெளிந்தால் புண்ணிலும் விடலாம், தெளியாவிட்டால் கால் போகும் என்பதே அவர் சொன்னது.

ஒரு வேந்தர் மற்றொரு வேந்தருக்குக் கழிவு நீர் அனுப்புவது இகழ்ச்சி என்று தங்கள் சபை மறுக்கக்கூடும். இகழ்ச்சி என்றால் அதை முதலில் செய்தவர் யாமாக இருக்கட்டும். இந்த ஓலையோடு ஒரு மண்குடம் வருகிறது. அதில் இருப்பது எம் சாக்கடை நீர். வாய்க்காலில் இறங்கி எம் கையாலேயே மொண்டோம். அரண்மனை முழுதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. சென்ற ஆண்டுப் போரில் சிறைப்பட்டு, எம் மருத்துவச் சாலையில் மருத்துவம் பெற்று ஊர் திரும்பிய தங்கள் வீரர்களில் புண் ஆறாதவர் எவரேனும் இருந்தால், அவர்களின் சீழை எம் ஊரிலிருந்தே கொண்டு போயிருப்பார்கள். மேலே சொன்னபடி தங்கள் மருத்துவர்கள் கஞ்சித் தெளிவில் விட்டுப் பார்க்கட்டும். தெளிந்தால் அவர்களுக்கு இது மருந்து. தங்களுக்கு எம் சொல்லின் சான்று. ஆகவே இது கொடைக்கு எதிர்க்கொடை. கணக்கில் எவருக்கும் தாழ்வு இல்லை.

கழிமுக வாயில் முதல் மலையடி வாயில் வரை எம் காவலர் அனைவருக்கும் யாம் இட்டிருக்கும் ஆணை இது: கருங்குன்றத்திலிருந்து மண்குடம் சுமந்து வருபவரை எவரும் நிறுத்தலாகாது. குடத்தைத் திறக்கலாகாது, அதன்மேல் புகை காட்டலாகாது, நாறுகிறது என்று ஒதுங்கலாகாது. அரச முத்திரை வரும்போது எழுந்து நிற்பதுபோல எழுந்து நின்று வழிவிடுக. சுமப்பவர் களைத்தால் காவலர் தலைவரே வாங்கிச் சுமக்க.

தங்கள் மலையும் எம் கழியும் ஒரே மழையில் நனைவதாகுக. இது ஆழிமாதேவி சொல்ல எழுதிய ஓலை. நண்டு முத்திரை பொறித்தது.

முத்திரை அரக்கில் நாற்றம் இருந்தால் பொறுத்தருள்க. குடத்தில் நீர் மொண்ட கையாலேயே, கழுவ நேரமின்றி, அதையும் இட்டோம்.