அரிசி டின்னில் கிடந்த உறை

ஈப்போ,
8.8.1984

அன்பு மகள் டோரிசுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் இங்கே நான் சொகம், கோழிகளும் சொகம், உங்கப்பா பினாங்கு போய் வந்ததிலிருந்து கொஞ்சம் அதிகமாகவே சொகம். கான்பராவில் குளிர் எப்படி? சட்டைக்கு மேல் சட்டை போடு, படித்தவள் என்று குளிர் ஒதுங்கிப் போகாது.

இந்த விசயத்தை உட்கார்ந்து படி. போன சனிக்கிழமை அரிசி அளக்க டின்னுக்குள் கையை விட்டேன், நீட்டு உறை ஒன்று சிக்குச்சு, பழுப்புக் கலர், மேலே கவர்மெண்டு முத்திரை, உன் பேர். பக்கத்து வீட்டு கார்த்திகேசு வாத்தியாரிடம் ஓடினேன். பினாங்கு யுனிவர்சிட்டியில் நீ கேட்டிருந்த விரிவுரையாளர் வேலைக்கு இண்டர்வியூவாம், ஆகஸ்டு ரெண்டாம் தேதியாம். அன்றைக்குத் தேதி நாலு! பதிலே வரலம்மா, என்னை வேண்டாமென்று விட்டார்கள், இங்கேயே வேறு வேலைக்குக் கையெழுத்துப் போடப்போறேன் என்று நீ அழுது எழுதினாயே, பதில் ஒரு மாசமாய் நம்ம அரிசிக்குள் தூங்கியிருக்கு.

ஒளித்தது யார் என்று கேட்காதே, வீட்டில் கோழியை விட்டால் நாங்கள் ரெண்டு பேர்தான். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் உன் பெரியப்பா மத்தியாசு பால்மரக் காட்டுக்கு ரப்பர் வெட்டப் போகையில் ஒரு பிடி சோறு கொண்டுபோனார், காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுக்குத்தான் என்று எட்டு மாசம் உள்ளே வைத்தார்கள். அதற்கும் முதலில் இப்படி ஒரு பழுப்பு உறைதான் வந்ததாம். நீயோ ஆராய்ச்சிப் படிப்பென்று தாய்லாந்து எல்லை, அங்கே ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டு, நாட்டுக்கு நாடு பகை என்றே ஏழு வருசமாய் எழுதுகிறாய், உன்னையும் பிடிக்க வருகிறார்கள் என்று மனுசன் நடுங்கியிருக்கார். என்னிடம் சொன்னால் நான் ஊருக்கே சொல்லிவிடுவேனாம். சொல்லத்தான் செய்வேன்லா.

நான் போட்ட சத்தத்தில் திங்கட்கிழமை விடியலில் கோயில் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார், பட்டர்வொர்த்தில் பெரிக் கப்பல் ஏறினார். ஆபீசில் போய், சாலா சாயா, பிழை என்னுடையது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நின்றிருக்கார். ஏன் ஒளித்தாய் என்று அந்த மலாய் அதிகாரி கேட்டாராம். இவர் மத்தியாசு கதை முழுவதும் சொன்னாராம். உன்னிடம்கூடச் சொல்லாத கதை! அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, புதுத் தேதி எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார். ஆகஸ்டு இருபத்தேழு. பெரியில் காற்று பிடுங்கிவிடும் என்று அந்த உறையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாராம்.

எங்களுக்காக வராதே, உனக்கு வேண்டுமென்றால் வா. வருவதானால் இருபத்தஞ்சுக்குள் வந்து சேர், வேறு எதிலும் கையெழுத்துப் போடாதே, தந்தி அடி. அப்பாவைத் திட்டாதே, அந்தப் பங்கை நான் முடித்துவிட்டேன். மாதா உன் தலையில் கை வைத்துக் காப்பாற்றட்டும்.

புதுக் கடுதாசியை இதோடு வைத்திருக்கிறேன். அது இருந்த பழுப்பு உறையை மட்டும் அப்பா தரமாட்டேன் என்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கிற மாதிரி மாதா படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கார்.

உன் அம்மா,
இருதயமேரி ஆம்புரோஸ்