நெதர்லாந்து தூக்காத கை

இத்தாலி நேற்றுக் கிடைத்துவிட்டதடா. அலமாரியில், பழைய வினாத்தாள்களுக்கு அடியில். முன்பக்கம் உன் கையெழுத்தில் நாட்டின் பெயர். பின்பக்கம் நான் திருட்டுத்தனமாக எழுதிய ‘இட்லி’. மூலையில் நீ தின்ற பப்ஸின் எண்ணெய்க் கறைகூட அந்த அட்டையில் அப்படியே இருக்கிறது. உன்னைத்தான் காணோம்.

போன வருடம், நம் பள்ளிப் பொருளியல் மன்றத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மாதிரிக் கூட்டம், ஆளுக்கொரு நாடு. நீ இத்தாலி, நான் நெதர்லாந்து. தொற்றுநோயில் விழுந்த நாடுகளை எப்படி எழுப்புவது என்று பேச்சு. இரண்டு வாரம் படித்துவிட்டு வந்திருந்தாய்.

“நம்ம எல்லாத்துக்கும் ஒரே யூரோதானுங்க. எங்க நாடு மட்டும் பணத்தோட மதிப்பைக் கொறச்சு எந்திரிக்க முடியாதுங்க. எல்லாருஞ் சேந்து கடன் வாங்கி, அதிகமா அடிபட்டவங்களுக்கு அதிகமாக் குடுப்போமுங்க.”

எல்லா நாடும் கை தூக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தீர்மானம் செத்தது. என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். எனக்குத்தான் நாக்கு அரித்தது.

“எங்களுது பூ விக்கிற நாடுங்க. எங்க காதுலயே பூச் சுத்தாதீங்க!”

அரங்கமே சிரித்தது. நீ அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாய்.

கிணத்துக்கடவு பஸ்ஸில் ஜன்னலோரம் நீ, பக்கத்தில் நான். ஈச்சனாரி தாண்டியது. அப்புறம் கேட்டாய்: “ஏண்டா, நாளைக்கு நீ விழுந்தா யாருகிட்டடா போவ?”

“உங்கிட்டத்தான். வேற யாரு?”

பாதிச் சிரிப்பு சிரித்தாய். இறங்கும்போது, “நீயே வெச்சுக்கடா இட்லிய” என்று அட்டையை என் மடியில் போட்டாய். மன்னிப்பைத் திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை.

இன்றைக்கு அதே கூட்டம். இத்தாலியைக் கேட்டு வாங்கினேன். நீ பேசியதையே, உன் ‘ங்க’ ஒன்றைக்கூட விடாமல் பேசினேன். ஒரு நக்கலும் வரவில்லை. வாக்கெடுப்பில் நெதர்லாந்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த பதினொன்றாம் வகுப்புப் பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே கை தூக்கினான். தீர்மானம் நிறைவேறியது. அவ்வளவு சுலபமாடா அது?

கைதட்டல் கேட்டதும் உன் பக்கம் திரும்பிக் கண்ணடிக்கப் போனேன். சுவர்தான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை உனக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஈச்சனாரி தாண்டியது. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.

“ஏனுங்க தம்பி, இங்கயே எறங்கறீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க” என்றேன். கையை இறக்கவில்லை.