நான் பிரித்துத் தைத்த வரி

உன் மகள் இன்று காலை வந்திருந்தாள். காலடிப்பேட்டை வீட்டைக் காலி செய்கிறார்களாம். ஒரு துணிக்கடைக் கவரை என் கையில் கொடுத்து, "அம்மா பீரோல இருந்துச்சு ஆன்ட்டி. உங்க ரெண்டு பேரோடதுதானே?" என்றாள். கவரைத் திறந்ததும் பினாயிலும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை வந்தது. டயாலிசிஸ் வார்டின் வாடை. நம் துணிப் புத்தகம் அதை இன்னும் விடவில்லை. வாசலில் நின்றபடியே அழுதுவிட்டேன். உன் மகள் பயந்துபோய், என் வீட்டுக்குள்ளேயே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உள்ளங்கை அளவில் பதினொரு பக்கங்கள். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் துண்டுத் துணி, நூல், கழன்ற பட்டன். இதை யாரிடமாவது காட்டினால் குழந்தை தைத்ததா என்றுதான் கேட்பார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருடம் சட்டைக் காலர் தைத்தவளும், அதே இருபது வருடம் அந்தக் காலரில் குறை கண்டுபிடித்தவளும் சேர்ந்து தைத்தது என்றால் நம்ப மாட்டார்கள்.

செக்கிங்கில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கோணல் தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி உன்னிடமே திருப்பி அனுப்புவேன். எத்தனை முறை திட்டியிருப்பாய். கம்பெனியை மூடி, நம் இருவருக்கும் தலை நரைத்த பிறகும் நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செக்கரு, அவ்வளவுதான்.

உன் டயாலிசிஸுக்காக வாரம் மூன்று நாள் நான் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உனக்கு இடம் பிடித்து வைப்பேன். நீ காலடிப்பேட்டையில் ஏறுவாய். ஆஸ்பத்திரியில் உன் இடது கையில் இரண்டு ஊசி குத்தி, நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடப்பது உனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பையிலிருந்து கஞ்சி மொடமொடக்கும் நீல பாப்ளின் துணித்துண்டையும் ஊசியையும் எடுத்தாய்.

"துணியப் புடி" என்றாய்.

"இன்னா தைக்கப்போற?"

"யாருக்குத் தெரியும்? வர்றது வரட்டும்."

நர்ஸ் ஓடிவந்தாள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏறுகிறது, விரலில் குத்திக்கொண்டால் நிற்காது என்றாள். "அதுக்குத்தான் செக்கரு கீறா சிஸ்டர். குத்துனா அவ விரல்லதான் குத்தும்" என்றாய். சொன்னபடியே செய்தாய். நான் இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடிப்பேன், நீ ஒற்றைக் கையால் ஊசியை விட்டு வாங்குவாய். நான் கொட்டாவி விட்டால் தையல் வளையும். நீ சிரித்தால் அது குதிக்கும். கொக்கு என்று தொடங்கியது கழுத்துக்குத் துணி போதாமல் மீனாகிவிடும். துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி தைத்த அன்று பையில் மூன்று பட்டன்தான் இருந்தது. "நாலாவது சக்கரம் பஞ்சர் ஒட்டப் போயிருக்கு, வந்துடும்" என்றாய். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கூடச் சிரித்தார்.

உன் சட்டம் இரண்டே இரண்டு. பென்சிலால் கோடு போடக் கூடாது. தைத்ததைப் பிரிக்கக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி வரியில் ஊசியை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாய். அப்போதெல்லாம் உன் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அந்த வரி மேலேறி, கீழிறங்கி, ஒரு தையல் அரிசி அளவு, அடுத்தது விரல் நீளம் என்று போயிருந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அதைப் பிரித்து, துணியின் ஓரம் வரை நேராக, மெஷின் தையல் மாதிரி தைத்து வைத்தேன்.

எழுந்ததும் பார்த்தாய். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். திரும்பும்போது மெட்ரோவில், உன் ஸ்டேஷன் வரப்போகும் நேரத்தில் சொன்னாய்:

"இன்னிக்கு என் கை அப்படித்தான் கீது செக்கரு. நீ ஏன் அத்த ரிஜெக்ட் பண்ணே?"

இருபது வருடம் திருப்பி அனுப்பிய காலர்களில் ஒன்றுக்குக்கூட நீ இப்படிக் கேட்டதில்லை. நீ இறங்கிப் போய்விட்டாய்.

மூன்று முறை துணியையே எடுக்காமல் படுத்திருந்தாய். நானும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது முறை நீயாகத்தான் தண்டனை சொன்னாய். நான் தனியாக ஒரு பக்கம் கோணலாகத் தைத்துக்கொண்டு வர வேண்டும். அதன் பிறகுதான் சமாதானம்.

இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். நீ அதை முகத்தருகே வைத்துப் பார்த்தாய். "கோணலக்கூட ஸ்கேல் வெச்சுத் தச்சிக்கினு வந்துகீற" என்றாய். தலையணைக்கு அடியிலிருந்து, கம்பெனி மூடியபோது நான் விளையாட்டாக உன்னிடம் கொடுத்த ஸ்டிக்கர் தாளை எடுத்தாய். நல்ல தையலாகப் பார்த்து ஒரு சிவப்பு அம்பை ஒட்டித் திருப்பிக் கொடுத்தாய். "அடுத்த தபா ஒயுங்கா கோணலா தச்சிக்கினு வா." எவ்வளவு சந்தோஷம் உனக்கு. எனக்கும்தான். அது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை விடியும்போது உன் மகள் போன் செய்தாள்.

என் பக்கம் கடைசிவரை பாஸாகவில்லை. இத்தனை மாதமும் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நீ கோபமாகப் போகவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த வரியை நான் பிரித்தது பிரித்ததுதானே.

உன் மகள் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வரியைப் பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. புத்தகம் முழுக்க அது ஒன்றுதான் நேராக இருந்தது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். என் தையலுக்கு மேலும் கீழும் சின்னச் சின்னத் துளைகள். கஞ்சித் துணி, ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. நீ குத்திய இடங்கள் மூடிக்கொள்ளவே இல்லை. வேலையில் இருந்த காலத்தில் இப்படித் துளை தெரிந்தால் அதற்கும் ஓர் அம்பு ஒட்டியிருப்பேன்.

உன் சட்டத்தை இன்னொரு முறை மீறினேன். என் தையலைப் பிரித்தேன். ஊசியில் நூல் கோர்த்து, நீ குத்திய துளைகளிலேயே விட்டேன். என் கை நேராகப் போகத்தான் இழுத்தது. துளைகள் விடவில்லை. மேலே போகச் சொன்ன இடத்தில் போனேன், இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கினேன். துணியின் நடுவில் துளைகள் முடிந்துவிட்டன. நீ தூங்கிப்போன இடம். அதற்கு மேல் எந்தப் பக்கம் போயிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. முடிச்சுப் போடாமல், ஊசியை அங்கேயே குத்திப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.