ஆட்டோல போட்ட கேமரா

கேமராவோடு ஆட்டோ தெருமுனையைத் தாண்டிய பிறகுதான், காலேஜுக்குக் கிளம்பிய மகள் சுவாதி சொன்னாள்: "அம்மா, லென்ஸ் மேல இருக்குற சுவிட்சத்தான் அப்பா ஆட்டோல போடச் சொல்லியிருப்பாங்க. மேனுவல்ல கெடந்தா மங்கலாத்தான் விழும்."

அம்மா பூவிழி உடனே கணவருக்கு ஃபோன் போட்டாள். அவர் இப்போது எடுக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அவசரமாக எழுதினாள்:

"என்னங்க, பக்கத்து வூட்டு காதுகுத்துக்குப் படம் எடுத்தா எல்லாரும் மங்கலா விழுந்தாங்க. ஃபோன்ல கேட்டா, 'ஆட்டோல போடு'ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டீங்க. நேத்து சண்டைக்குக் கேமராவத் திருப்பிக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். 'ஆண்டவர்'னு பேர் எழுதின ஆட்டோல ஏத்தி, நீங்க படம் எடுக்குற பெரம்பலூர் மண்டபத்துக்கே அனுப்பிட்டேன். அதை வாங்கியாரத்தான் பஸ்ஸுக்குப் போறேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டா, சாவி மீட்டர் பெட்டி மேல, ரசம் அடுப்புல. நான் வர்ற வரைக்கும் காது குத்த வேணாம்னு பக்கத்து வூட்டு பூங்காவனத்தக்காகிட்ட சொல்லுங்க. இன்னும் கொழப்பமாத்தான் இருக்கு, நெசமா எந்த ஆட்டோவச் சொன்னீங்க?"

இடம் தீர்ந்துபோக, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"திட்டுறதுன்னா முழுசாத் திட்டிட்டு ஃபோன வைங்க. பாதியில வச்சா எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது."